எம்.ஏ. இசை சேர்ந்தால் பாட்டு போய்விடுமா?

கேள்வி, ஜூன் 3, காலை

பி.காம். முடிச்சிட்டேன். பதிமூணு வருஷமா ஒரே குருகிட்ட வாய்ப்பாட்டு. எம்.ஏ. இசைக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். குரு, "அங்கே போனா பாட்டு போயிடும்"ங்கறார். வீட்டுல, "பட்டம் இருந்தா வேலையாவது கிடைக்கும்"ங்கறாங்க. யார் சொல்றது சரி அண்ணா?

ஜூன் 3, மதியம்

ரெண்டுமே அரை உண்மை.

வீட்டுக்கு முதல்ல. வெறும் எம்.ஏ.வை வச்சு கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. உதவிப் பேராசிரியர்னா நெட் (தேசியத் தகுதித் தேர்வு), இல்ல செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்ல பிஎச்.டி. வேணும். முன்னே நடுவுல எம்.ஃபில்.னு ஒரு படி இருந்துச்சு. 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையோட அதையும் எடுத்துட்டாங்க.

குரு சொல்றது: நான் எம்.ஏ. படிச்ச ரெண்டு வருஷத்துல என் காலைச் சாதகம் (தினப் பயிற்சி) ரெண்டு மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்கு இறங்கிச்சு. பத்து மணிக்கு வகுப்பு, நாலு மணிக்கு முடியும், ராத்திரி கட்டுரை எழுதணும். மேல் ஸ்தாயி பஞ்சமம் ஒரு பருவம் முழுக்க எட்டவே இல்லை. போகாதீங்க தம்பி.

ஜூன் 3, ராத்திரி

மதியம் "போகாதீங்க"ன்னு எழுதிட்டு சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கலை. முழுசா சொல்லாம பாதியில விட்டுட்டேன்.

எம்.ஏ. சேர்க்கைக்கான நேர்முகம். பாடச் சொன்னாங்க, காம்போதி ஆலாபனை பாடினேன், தலையாட்டினாங்க. அப்புறம் ஒரு பேராசிரியை சாதாரணமா கேட்டாங்க: "72 மேளத்தைப் பத்திச் சொல்லுங்க." மேளம்னா ராகங்களுக்குத் தாயான ஏழு சுர வரிசை. இது அல்வா மாதிரி. எட்டு வயசுலயிருந்து ஒப்பிக்கிறது. வேங்கடமகி, அவர் எழுதின சதுர்தண்டி பிரகாசிகை, முதல் ரெண்டு மேளமான கனகாங்கி, ரத்னாங்கின்னு மூச்சு விடாம சொன்னேன். அவங்க சிரிக்காம கேட்டாங்க: "கனகாங்கிங்கற பேர் அந்த நூல்ல எந்த அத்தியாயத்துல வருது?"

நான் அந்த நூலோட அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. பதினஞ்சு வருஷமா மேடையில, வகுப்புல, சின்னப் பசங்களுக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன். எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இடம் கொடுத்தாங்க. ஆனா அந்தக் கேள்விக்காகத்தான் ரெண்டு வருஷம் படிச்சேன்னு இப்போ தோணுது. அதனால மதியம் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். பாதியை மட்டும்.

ஜூன் 4

"சரி, எந்த அத்தியாயம்?"னு மூணு பேர் கேட்டுட்டீங்க.

எந்த அத்தியாயத்துலயும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டுல வேங்கடமகி 72 மேளம் வரும்னு கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனா அவர் காலத்துல வழக்கத்துல இருந்ததா விவரிச்சது பத்தொன்பது மட்டும். கனகாங்கி, ரத்னாங்கி வரிசை கோவிந்தாசாரியாரோட சங்கிரக சூடாமணி வழியா வந்தது. வேங்கடமகி பேரோட புழங்கற இன்னொரு வரிசை கனகாம்பரின்னு ஆரம்பிக்கும். முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரை பிடிச்சுக்கிட்டது அதை. அதுவும் பின்னாடி சேர்ந்த அனுபந்தம்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க.

இதைத் தெரிஞ்சுக்கிட்டதுனால என் காம்போதி ஒரு இம்மியும் மேம்படலை. அதையும் சொல்லிடணும்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

மேளம்னதும் ஞாபகம் வருது. கடபயாதி கணக்கை, அதாவது மேளத்தோட பேர்ல முதல் ரெண்டு எழுத்தை எண்ணாக்கி, திருப்பிப் போட்டு மேள எண் கண்டுபிடிக்கிறதை, தமிழ் எழுத்தை வச்சுப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? கரகரப்ரியாவுக்கு முதல் எழுத்து வடமொழியில ரெண்டாவது க, அதனால 2. ர-வும் 2. திருப்பினாலும் திருப்பாட்டாலும் 22, சரியான மேளம். தமிழ்ல நமக்கு ஒரே க தான். 1, 2, திருப்பினா 21. அது கீரவாணி. வகுப்புல ஒருத்தர் தேர்வுத்தாள்லயே இப்படிப் போட்டு கரகரப்ரியாவுக்கு, அதுல இல்லாத காகலி நிஷாதத்தைக் கொடுத்துட்டார். திருத்தினவர் பக்கத்துல "உங்க ராகம், உங்க இஷ்டம்"னு எழுதியிருந்தார்.

ஜூன் 6

மிருதங்கம் வாசிக்கிற அண்ணன் ஒருத்தர் கோபமா எழுதியிருக்கார்: "சங்கீதம் குருமுகமா வர்றது, பல்கலைக்கழகம் அதைக் கொன்னுடுச்சு."

அண்ணே, ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தினது யாரு? சிதம்பரத்துல இசைக் கல்லூரி 1929-ல் வந்துச்சு, சென்னைப் பல்கலைக்கழகம் 1932-ல் இசைப் பட்டயப் படிப்பை ஆரம்பிச்சுது. அங்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுத்தவங்க யாரு? டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்தார். தண்டபாணி தேசிகர் அதே இடத்துல துறைத்தலைவரா இருந்தார். சென்னையில 1949-ல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கினப்போ முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இவங்கல்லாம் குருமுகமா வராதவங்களா?

ஆனா நீங்க சொல்றதுல எனக்குச் சுருக்குனு குத்தின இடம் ஒண்ணு உண்டு. குருகிட்ட ஒரு சங்கதி (ஒரே வரியைப் பாடற ஒரு மாற்று விதம்) வரலைன்னா அடுத்த சங்கதிக்குப் போக விட மாட்டார். மூணு வாரம் அதே வரி. பல்கலைக்கழகத்துல பருவம் முடியறதுக்குள்ள பட்டியல்ல உள்ள உருப்படியெல்லாம் முடிஞ்சாகணும். வந்தாலும் வராட்டாலும் அடுத்த வாரம் அடுத்த கிருதி. ஒரு நாட்டக்குறிஞ்சி கிருதியை நான் நாலே வகுப்புல "முடிச்சேன்". இன்னிக்கும் அதை மேடையில எடுக்க மாட்டேன்.

அதனால கணக்கு இதுதான்: குருகிட்ட வகுப்பை நிறுத்திட்டு எம்.ஏ. சேர்றவங்களுக்குப் பாட்டு போகும். நிறுத்தாம சேர்றவங்களுக்குத் தூக்கம் போகும்.

ஜூன் 9

நெட் பத்தித் தனியா கேட்டிருக்காங்க.

இசைக்குப் பாட எண் 16. ரெண்டு தாளும் ஒரே மூச்சுல, மூணு மணி நேரம். முதல் தாள் எல்லாப் பாடத்துக்கும் பொது: 50 கேள்வி, 100 மதிப்பெண். ரெண்டாவது தாள் இசை: 100 கேள்வி, 200 மதிப்பெண். தப்புக்குக் கழிக்கிறது இல்லை, அதனால எதையும் விடாம குறிச்சிட்டு வாங்க.

இதுல ஒரு வேடிக்கை. மூணு மணி நேரத்துல ஒரு ஸ்வரம்கூடப் பாட வேண்டாம். சுருதி சேராதவர்கூட இசையில நெட் தேறலாம். பிரமாதமா பாடறவர் முதல் தாள்ல தர்க்கக் கணக்குல விழுந்துடலாம். நான் விழுந்தேன், அதுவும் ரெண்டு தடவை. மூணாவது தடவை பாஸ் பண்ணினது இசையால இல்லை, பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன்கிட்ட சதவீதக் கணக்கு கத்துக்கிட்டதால.

ஜூன் 10

திருத்தம். முதல் நாள், "நெட், செட், பிஎச்.டி. இல்லாம கல்லூரியில நுழைய முடியாது"ன்னு அடிச்சுச் சொன்னேன். இசைக்கு இன்னொரு வாசல் உண்டு. 2018 யுஜிசி விதிமுறையில, பேர்பெற்ற ஆசானிடம் கற்று, வானொலி அல்லது தூர்தர்ஷன்ல 'ஏ' தரம் வாங்கி, இளங்கலைப் பட்டமும் வச்சு, பாடத்தை விளக்கிச் சொல்லத் தெரிஞ்ச கலைஞரையும் உதவிப் பேராசிரியரா எடுக்கலாம். அதாவது உங்க குரு சொல்ற வழியிலயே போயும் அங்கே வந்து சேரலாம். என்ன, பி, பி ஹைங்கற கீழ்த் தரமெல்லாம் தாண்டி ஏ-வுக்கு ஏறணும். அது நெட்டைவிட லேசுன்னு நினைக்கிறவங்க ஒரு தடவை குரல் தேர்வுக்குப் போய்ட்டு வாங்க.

ஜூன் 15

"ஆராய்ச்சின்னா பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதறதுதானே?" இது நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் நினைச்சேன், ரெண்டாம் வருஷம் தோடி கையில சிக்கற வரைக்கும்.

எங்களுக்கு ஒலியியல்னு ஒரு தாள். பெரும்பாலும் பின்னக் கணக்கு. பஞ்சமம் ஷட்ஜத்தோட அதிர்வெண்ணுக்கு 3/2, அதாவது 702 சென்ட் (ஒரு ஸ்தாயியை 1200-ஆப் பிரிச்ச அளவு). அந்தர காந்தாரம் 5/4-னு எடுத்தா 386, 81/64-னு எடுத்தா 408. நல்லா சுருதி சேர்ந்த தம்புராவுல யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம் கேக்குமே, சுயம்பு காந்தாரம், அது முதல் வகை. மந்தர ஷட்ஜத் தந்தியோட அதிர்வெண்ணுக்கு அஞ்சு மடங்கான மேற்சுரம். அத்தனை வருஷம் தம்புரா முன்னாடி உட்கார்ந்தவன், அது ஏன் கேக்குதுன்னு அந்த வகுப்புலதான் முதல் தடவையா தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் பிராத்னு ஒரு மென்பொருள். மொழியியல்காரங்க பேச்சை அளக்க வச்சிருக்கறது, இலவசம். அதுல நானே பாடின தோடியைப் போட்டேன். புத்தகத்துல தோடிக்கு சாதாரண காந்தாரம். 294 அல்லது 316 சென்ட்ல ஒரு கோடு படுத்திருக்கும்னு எதிர்பார்த்தேன். திரையில வந்தது கோடு இல்லை, பாம்பு. ரிஷபத்துக்கிட்டயிருந்து கிளம்பி மத்திமத்தைத் தொட்டுட்டுத் திரும்புது, மறுபடி ஏறுது. காந்தாரம் "இருக்க வேண்டிய" இடத்தை ஒவ்வொரு தடவையும் கடந்து போகுது, ஒரு தடவைகூட நிக்கலை. ஆனா கண்ணை மூடிக் கேட்டா சந்தேகமே இல்லாம காந்தாரம்தான் கேக்குது!

அன்னிக்கு ராத்திரி குருவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். "இதுக்கு ஒரு மெஷினாடா? 'கா'வை நிறுத்தாதே, அசைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்"னார். அவரும் சரி, பாம்பும் சரி.

ஜூன் 16

சாதாரண காந்தாரம்னு பேர் வச்சவர் தோடியைக் கேட்டிருக்க மாட்டார்னு ஒருத்தர் எழுதியிருக்கார். சிரிச்சிட்டேன்.

ஜூலை 2

தமிழிசை பக்கம் போகலாமான்னு கேள்வி. தாராளமா. ஆனா பெருமைக்காகப் போகாதீங்க, கணக்குக்காகப் போங்க.

சிலப்பதிகாரத்துல ஏழு பாலை, அதாவது ஏழு சுர வரிசை, வருது. செம்பாலைங்கறது ஹரிகாம்போதின்னு எஸ். ராமநாதன் எடுத்துக்கிட்டார். பாடகர், அமெரிக்காவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல சிலப்பதிகார இசையைப் பத்தித்தான் முனைவர் பட்டம் வாங்கினார், பிற்பாடு சங்கீத கலாநிதியும் ஆனார். பாட்டும் ஆராய்ச்சியும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியாதுன்னு சொல்றவங்களுக்கு அவரைக் காட்டுங்க. புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் அதே இடத்துல ஆலாபனையைப் பத்தி ஆய்வு செஞ்சவர்தான்.

வீட்டுல கீபோர்டு இருந்தா நீங்களே செஞ்சு பாருங்க. வெள்ளைக் கட்டை மட்டும். 'ஜி'யில ஆரம்பிச்சா ஹரிகாம்போதி, செம்பாலை. அடுத்த கட்டையை ஷட்ஜமா வச்சா நடபைரவி, படுமலைப்பாலை. அதுக்கடுத்த 'பி'யில ஆரம்பிச்சா பஞ்சமம் இருக்காது, ரெண்டு மத்திமம் வரும், அதுதான் செவ்வழிப்பாலை. தொடர்ந்து சங்கராபரணம் அரும்பாலை, கரகரப்ரியா கோடிப்பாலை, தோடி விளரிப்பாலை, கல்யாணி மேற்செம்பாலை. ஏழே கட்டையில ஏழு ராகமும் வந்து விழறப்போ மயிர்க்கூச்செறியும்.

அங்கேயே நின்னுடக் கூடாது. குரல்ங்கற முதல் சுரம் ஷட்ஜமா மத்திமமாங்கறதுலேயே அறிஞர்களுக்குள்ள வழக்கு இருக்கு. அதை மாத்தினா மேல சொன்ன வரிசை மொத்தமும் இடம் மாறும். 1917-ல் வந்த ஆபிரகாம் பண்டிதரோட கருணாமிர்த சாகரம், 1947-ல் வந்த விபுலானந்தரோட யாழ் நூல் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிங்க. முதல்ல தலை சுத்தும். ஒரு மாசம் கழிச்சு, எங்கே பிரியறாங்கன்னு விரல் வச்சுச் சொல்ல வரும்.

ஜூலை 3

நேத்து எழுதினதுல பெருமை கொஞ்சம் வழிஞ்சிடுச்சு. "மயிர்க்கூச்செறியும்"னு எழுதிட்டு, பெருமைக்காகப் போகாதீங்கன்னு உபதேசம் வேற.

ஜூலை 19

பிஎச்.டி. ஏன் பாதியில விட்டீங்கன்னு கேட்டிருக்கீங்க. எழுத வேண்டாம்னு இருந்தேன்.

ஒரு பல்கலைக்கழகம், பேர் வேண்டாம். நான் கொண்டுபோன தலைப்பு சின்னது: சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்துல அச்சிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில இருக்கற ஒரு கிருதி, அதே கிருதிக்கு மூணு பாடாந்தரத்து (குரு பரம்பரை வழி வந்த பாடமுறை) ஒலிப்பதிவு. அவர் கமகத்துக்கெல்லாம் (சுரத்தை அசைக்கற விதங்களுக்கெல்லாம்) தனித்தனிக் குறி போட்டிருக்கார். அந்தக் குறியும் பாடற குரலும் எங்கே ஒத்துப்போகுது, எங்கே விலகுதுன்னு பார்க்கணும். அவ்வளவுதான்.

நெறியாளர் "இது ஒரு கட்டுரைக்குத்தான் காணும்"னு சொல்லி, தீட்சிதர் கிருதிகள் முழுசையும் பிடிச்சுக்கச் சொன்னார். பக்தி, தலங்கள், சந்தம், ராகம், தாளம் எல்லாம் உள்ளே. ஒன்றரை வருஷம் நான் தலபுராணம் சேகரிச்சேன். எந்தக் கோயில்ல என்ன மரம்னு தெரியும், ஒரு சங்கதியைப் பத்தியும் ஒரு வரி எழுதலை. ஒரு நாள் கோப்பைத் திறந்து பார்த்தேன், 140 பக்கத்துல "கமகம்"ங்கற சொல் ஏழு இடத்துல. மூடிட்டேன்.

நெறியாளர் மேல மட்டும் பழி போடறது நியாயமில்லை. அந்தச் சின்னத் தலைப்பு ஏன் பெரிசுன்னு எனக்கு விளக்கத் தெரியலை. தோடிப் பாம்பை அன்னிக்கு அவர்கிட்ட காட்டியிருக்கணும். தோணலை.

ஜூலை 19, ராத்திரி

எனவே தலைப்பு எடுக்கறவங்களுக்கு: நெறியாளர் பேரைப் பார்த்துச் சேராதீங்க. அவர்கிட்ட முடிச்ச ரெண்டு பேரோட ஆய்வேட்டை நூலகத்துல எடுத்து நடுவுல ஒரு பக்கத்தைத் திறங்க. ஸ்வரக் குறிப்போ அளவோ இல்லாம நாற்பது பக்கம் ஓடுதுன்னா உங்களுக்கும் அதான் கதி.

ஆகஸ்ட் 8

தம்பி சேர்ந்துட்டாராம்! குருகிட்ட சொன்னதுக்கு, "ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கு வந்துடு"ன்னு மட்டும் சொன்னாராம். அனுமதின்னு எடுத்துக்கலாம்.

செய்முறைத் தேர்வு பத்தி ஒரே ஒரு விஷயம். "விரிபோணி" மாதிரி அட தாள வர்ணத்தை ரெண்டு காலத்துல (வேகத்துல) பாடச் சொல்வாங்க. எல்லாரும் ரெண்டாம் காலத்துக்குப் பயந்து முதல் காலத்தைத் தூக்கி ஆரம்பிப்பாங்க. அப்புறம் இரட்டிப்பு மூச்சு வாங்கும். பதினாலு எண்ணிக்கை, நீளமான தாளம், போட்டுக்கிட்டே ஓடவும் முடியாது. உங்களுக்கு வர்ற வேகத்துக்கு ரெண்டாம் காலத்தை முதல்ல மனசுக்குள்ள பாடிப் பாருங்க, அதுல பாதியை எடுத்து ஆரம்பிங்க. பல்லவிக்கும் இதே கதைதான். திரிகாலம் (மூணு வேகம்) பண்ணப்போறோம்னு தெரிஞ்சும் எடுப்பை ஓட்டத்துல வச்சவனை நான் பார்த்திருக்கேன். கண்ணாடியில.

நவம்பர் 21

"அண்ணா, என் சாதகம் ஐம்பது நிமிஷம் ஆயிடுச்சு"ன்னு தகவல். என்னைவிடப் பத்து நிமிஷம் அதிகம். மேல் பஞ்சமத்தை இந்தப் பருவம் துரத்தாதீங்க. மந்தரத்துல (கீழ் ஸ்தாயியில) அகாரம் ('ஆ'ன்னு பாடற பயிற்சி) மட்டும் விடாம பண்ணுங்க, அது திரும்பி வந்துடும். எனக்குப் படிப்பு முடிஞ்சு எட்டு மாசத்துல வந்துச்சு.

ஜனவரி 14

தம்பி அனுப்பின தோடிப் படம் கிடைச்சுது. காந்தாரம் 3.2 நொடியில நேரா நிக்குதுன்னு சிவப்பு வட்டம் போட்டு, "நீங்க நிக்காதுன்னீங்களே"ன்னு எழுதியிருக்கீங்க. பெரிசாக்கிப் பார்த்தேன். அந்த இடத்துல நீங்க மூச்சு எடுக்கறீங்க. நிக்கறது உங்க குரல் இல்லை தம்பி, பக்கத்துல இருக்கற தம்புரா. அதுவும் காந்தாரமில்லை, ஷட்ஜம். மென்பொருள் ஸ்தாயி தவறிப் பிடிச்சிருக்கு, நீங்க கோட்டை மட்டும் பார்த்துட்டு அளவுகோலைப் பார்க்கலை. தம்புராவைக் காதுல மாட்டிக்கிட்டு, மைக்குல குரல் மட்டும் விழற மாதிரி மறுபடி பதிவு பண்ணி அனுப்புங்க.